வீட்டுக்குப் போகாத நோட்டுகள்

ரத்தினபாயின் கித்தான் பையில் நாற்பத்தெட்டு நோட்டுகள் பிடிக்கும். ஒரு வகுப்புக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் என்பதால் பையை அந்த அளவுக்கே தைக்கச் சொல்லியிருந்தார். காலையில் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த பள்ளிக்கு அந்தப் பையுடன் போவார். மாலையில் வேறொரு வகுப்பின் நோட்டுகளுடன் கேம்ப் ரோடு வழியாகச் சேலையூருக்கு நடந்து வருவார். பதினோரு வருஷமாக இதுதான் நடந்தது. இடது தோள் வலது தோளைவிடச் சற்று இறங்கியிருந்ததை அவருடைய கணவர் ஜீவரத்தினம் ஒரு குரூப் போட்டோவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

அது அரசு உதவி பெறும் பள்ளி. ரத்தினபாய் அங்கே தமிழ்ப் பண்டிட். ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை ஐந்து பிரிவுகள் அவர் பொறுப்பு. வாரம் ஒரு கட்டுரை எழுதவைக்க வேண்டும் என்பது பள்ளியின் வழக்கம். எந்தத் தலைமையாசிரியர் காலத்தில் அது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு இருநூற்று நாற்பது கட்டுரை. ரத்தினபாய் தப்பைச் சுழித்துவிட்டுப் போகிறவர் அல்ல. ஓரத்தில் சரியான வாக்கியத்தை எழுதுவார். பிள்ளை அதைக் கீழே ஐந்து முறை எழுத வேண்டும். எழுதியதை மறுபடி பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த ஐந்து முறையிலும் புதுத் தப்பு செய்கிற பிள்ளைகள் உண்டு.

மற்ற ஆசிரியர்களைப் பிள்ளைகள் சார் என்றும் டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். தமிழ் சொல்லித் தருகிறவரை மட்டும் தமிழம்மா என்றார்கள். மரியாதை ஒரு படி மேலே இருந்தது. சம்பளம் ஒரு படி கீழே இருந்தது. பி.டி. என்ற ஆசிரியர் பட்டம் படித்தவர்களுக்கு ஒரு விகிதம், பண்டிட்டுக்கு வேறொன்று. வருகைப் பதிவேட்டில்கூட முதலில் தலைமையாசிரியர், அடுத்துப் பி.டி. ஆசிரியர்கள், அப்புறம்தான் பண்டிட், டிராயிங் மாஸ்டர், தையல் டீச்சர், டிரில் மாஸ்டர். வித்வான் பட்டத்துக்கு ரத்தினபாய் படித்த வருஷங்களைக் கூட்டினால் பி.டி. படிப்புக்குக் குறைந்ததல்ல. மரியாதையும் சம்பளமும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்று யாரோ எங்கோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த யாரோவை ரத்தினபாய் சந்தித்ததில்லை.

அறுபத்தெட்டு ஜூலையில் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒரு அச்சடித்த படிவம் வந்தது. மொழியாசிரியர்கள் மட்டும் நிரப்ப வேண்டியது. பெயர், பட்டம், வாரத்துக்கு எத்தனை பீரியட் என்பவற்றுக்குப் பிறகு கடைசியாக ஒரு கேள்வி: "உங்கள் உழைப்புக்குத் தக்க ஊதியம் கிடைப்பதாகக் கருதுகிறீர்களா? ஆம் / இல்லை." அதற்குக் கீழே குறிப்பு எழுத இரண்டு வரி இடம்.

ஆசிரியர் அறையில் அதை முதலில் எடுத்துப் பார்த்தவர் ஜெயவேலு. இரும்புலியூர்க்காரர், சயன்ஸ் ஆசிரியர். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. சம்பளத்தை நம்பி அவர் வேலைக்கு வரவில்லை என்பதால் சம்பளத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுவார்.

"என்ன பண்டிட்டம்மா, இதுக்கு யோசனை வேறயா? இல்லைன்னு அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"கேள்வி சரியா இருந்தா அடிச்சிருப்பேன் சார்."

"கேள்விக்கு என்ன குறைச்சல்?"

"சம்பளம் கம்மி, அது எனக்குத் தெரியும். ஆனா உழைப்பு எவ்வளவுன்னு யார் அளந்தாங்க? அது தெரியாம தக்கது தகாததுன்னு எப்படிச் சொல்றது?"

ஜெயவேலு சிரித்தார். "இதுல அளக்க என்ன இருக்கு? எனக்குன்னா ஒரு லேப் இருக்கு. ஆசிட் மேல கொட்டிட்டா பேஜார். உங்களுக்கு என்ன? தமிழ் யாருக்குத்தான் தெரியாது? எங்க வூட்டு ஆட்டுக்காரன் கூடத் தமிழ்தான் பேசறான்."

"அவரைக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு ஒன்பதாம் கிளாஸ் எடுக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினபாயும் சிரித்தார். ஆனால் படிவத்தை மடித்துத் தன் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தமிழ் வாழ்க என்று சுவருக்குச் சுவர் எழுதியிருந்த காலம் அது. பள்ளியின் காம்பவுண்டுச் சுவரிலும் எழுதியிருந்தார்கள். தினமும் அதைக் கடந்துதான் அவர் நோட்டுகளைச் சுமந்துகொண்டு போனார்.

நியாயமான கூலி எது என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவனின் கூலியை வைத்தே மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அது தவறான அளவுகோல் அல்ல, ஆனால் பாதி அளவுகோல்தான். மற்ற பாதி, தான் செய்கிற வேலையில் எவ்வளவு வேலையாகவே எண்ணப்படாமல் போகிறது என்பது. இந்த இரண்டாவது பாதியை ரத்தினபாய்க்குக் காட்டியவர் படித்தவர் அல்ல.

சேலையூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து மனையில் அப்போது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே முனியம்மா சித்தாள் வேலை செய்தாள். அவளுடைய மகள் லோகநாயகி ரத்தினபாயிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். அந்தப் பழக்கத்தில், ஆறு மணிக்கு வேலை முடிந்து கைகால் கழுவிக்கொள்ள முனியம்மா இந்த வீட்டுக் குழாயடிக்கு வருவாள். அந்த நேரத்தில்தான் ரத்தினபாய் ஜன்னலோரம் நோட்டுகளைப் பிரித்து உட்காருவார்.

ஒருநாள் முனியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா டீச்சரம்மா, நான் வேலைய முடிச்சிகினு போறேன், நீ இப்பத்தான் ஆரம்பிக்கிற. இதுக்குத் தனிக் கூலியா?"

"இல்ல முனியம்மா, இதுவும் அந்தச் சம்பளத்துலதான்."

"அப்ப இஸ்கூல்ல குந்திகினு செய்யறது?"

"அங்க வேற வேலை, கிளாஸ் எடுக்கறது."

முனியம்மா சற்று யோசித்தாள். "ஆறு மணிக்கு மேல ஒரு சட்டி கலவை தூக்குன்னு மேஸ்திரி சொல்லட்டும். அரை ரூபா எடுத்து வெய்யின்னுவேன். வெக்கலைன்னா சட்டிய அங்கயே கவுத்துட்டு வந்துகினே இருப்பேன். உங்க மேஸ்திரி யாரு?"

"ஹெட்மாஸ்டர்."

"அவரு பாத்துக்கீறாரா, நீ இங்க குந்திகினு எழுதறத?"

"இல்ல."

"பாக்காத வேலைக்கு எவன் துட்டு குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு முனியம்மா முகத்தைக் கழுவப் போனாள்.

ரத்தினபாய் அன்று இரண்டு நோட்டுகளுக்கு மேல் திருத்தவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வாரத்துக்கு முப்பத்தைந்து பீரியட். அதில் இருபத்தொன்பது வகுப்பு. மீதி ஆறு. ஒரு பீரியடில் பன்னிரண்டு நோட்டுகளுக்கு மேல் ஒழுங்காகத் திருத்த முடியாது. ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு. இருநூற்று நாற்பதில் மீதியெல்லாம் இந்த ஜன்னலோரத்தில், யாரும் பார்க்காமல், நடந்துவந்திருக்கிறது. சம்பள விகிதத்தைத் தன்னால் மாற்ற முடியாது. அது கோட்டையில் இருப்பவர்கள் கையில். ஆனால் கால அட்டவணை கோட்டையில் தயாராவதில்லை. தலைமையாசிரியர் மேசையில் தயாராகிறது.

மறுநாளே அவர் தலைமையாசிரியர் சாலமோனிடம் போனார். சாலமோன் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. பெண் பண்டிட் வகுப்பைக் கட்டிமேய்ப்பாரா என்று நிர்வாகம் தயங்கியபோது, எடுத்துத்தான் பார்ப்போமே என்று ரத்தினபாயைச் சேர்த்தவர் அவர்தான். அந்த நன்றி ரத்தினபாய்க்கு இருந்தது. அதனால்தான் பதினோரு வருஷம் கேட்காமல் இருந்தார் என்றும் சொல்லலாம்.

"சார், ரெண்டு விஷயம் கேக்கறேன். கட்டுரை வாரா வாரம் வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போதும். வாரத்துல நாலு பீரியட் திருத்தறதுக்குன்னு எனக்கு டைம்டேபிள்ல போட்டுக் குடுங்க. அப்ப மொத்த வேலையும் ஸ்கூல் நேரத்துலயே முடியும்."

சாலமோன் கண்ணாடியைக் கழற்றினார். "திருத்தறதுக்குப் பீரியடா? நோட்டு வீட்டுக்குப் போறதுதானே வழக்கம் டீச்சர்? மேத்ஸ் சார் கூட எடுத்துட்டுப் போறாரே."

"அவர் கணக்கைப் பாப்பார் சார், விடை சரியா தப்பா தெரிஞ்சிடும். நான் ஒவ்வொரு வரியும் படிக்கணும். இருநூத்து நாப்பது பேர் எழுதறத."

"டைம்டேபிள்ல இடம் எங்க இருக்கு? உங்களுக்குக் குடுத்தா டிராயிங் மாஸ்டர் வந்து நிப்பார்."

"அவருக்கும் தேவைன்னா குடுங்க சார்."

"இந்த வருஷம் முடியாது."

"சரி சார். அப்ப நான் ஒண்ணு சொல்லிடறேன். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியிலேருந்து நோட்டு வீட்டுக்குப் போகாது. ஸ்கூல்ல எனக்கு இருக்கற நேரத்துல எவ்வளவு முடியுமோ அவ்வளவு, இப்ப திருத்தற மாதிரியே திருத்துவேன். மீதி மேசையில இருக்கும். மறைச்சுச் செய்யக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன்."

அதை எழுத்திலும் கொடுத்தார். சாலமோன் அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். ஒரு வாரத்தில் மனசு மாறிவிடும் என்று நினைத்திருப்பார்.

ஜீவரத்தினத்துக்கு அன்று மாலையே கவலை பிடித்துக்கொண்டது. அவர் ரயில்வேயில் குமாஸ்தா. மின்சார ரயிலில் போய்வருகிறவர். மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுப்பது என்றால் எப்படியாவது தள்ளிப்போடுகிறவர்.

"ஜனவரியில இன்ஸ்பெக்‌ஷன் வருமே. திருத்தாத நோட்டைப் பாத்து ரிமார்க் எழுதிட்டா? இன்கிரிமென்ட்டை நிறுத்திட்டா?"

"நிறுத்தலாம்."

"நிறுத்தலாம்னு இவ்வளவு நிதானமா சொல்ற!"

"இங்க பாருங்க, கேக்காம இருந்தா எனக்கு என்ன கிடைக்கும்னு பதினோரு வருஷமா தெரியும். கேட்டா என்ன கிடைக்கும்னு இனிமேதான் தெரியணும்."

இதைத் துணிச்சல் என்று உடனே பெயர் சூட்டுவது அவசரம். ஒருவர் பணயம் வைப்பது தன்னுடையதை மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். ரத்தினபாய் தன் இன்கிரிமென்ட்டோடு பிள்ளைகளின் கட்டுரைகளையும் சேர்த்துத்தான் வைத்தார். அது அவருக்குத் தெரியும்.

ஆகஸ்டிலிருந்து ஆசிரியர் அறையின் நீள மேசையில் நோட்டுக் கட்டுகள் உட்கார்ந்தன. கட்டுரைப் பீரியடுக்கு மட்டும் அவை வகுப்புக்குப் போகும். எழுதி முடிந்ததும் திரும்ப மேசைக்கு வரும். பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்பதால் அந்தக் கட்டை முதலில் எடுப்பார். மற்ற நான்கு வகுப்புகளுக்கும் முறை வைத்து, பழைய கட்டுரையிலிருந்து, ஒன்றைக்கூட மேலோட்டமாகப் பார்க்காமல் வருவார். மணியடித்தால் எந்த வரியில் இருக்கிறாரோ அந்த வரியில் பேனாவை மூடுவார். மாலையில் கித்தான் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்கையுடன் போவார்.

செப்டம்பரில் சாப்பிட இடமில்லாமல் போயிற்று. டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஜெயவேலு புலம்பினார். "பண்டிட்டம்மா, ஆறாம் கிளாஸ் மேல ரசம் கொட்டினா நான் பொறுப்பில்ல."

"கொட்டுங்க சார். அதையும் சிவப்பு மையில எழுதிடறேன்."

சாலமோன் ஒரு பீரோ தருவதாகச் சொல்லியனுப்பினார். ரத்தினபாய் வேண்டாம் என்றார். "பீரோவுல வெச்சா மறுபடி யாருக்கும் தெரியாது சார்."

அக்டோபரில் முனியம்மா பள்ளிக்கே வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா, எம் பொண்ணு நோட்டு ஒன்றரை மாசமா வெள்ளையாவே கீதாமே? செவப்பு மையே காணோமாமே?"

ரத்தினபாய் நடந்ததைச் சொன்னார். முனியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்ன மேஸ்திரி கதைய எந்தலையிலயே கட்டிட்டியா நீ?"

"நீ சொன்னது சரிதான் முனியம்மா."

"சரிதான். ஆனா சட்டிய கவுத்தா மேஸ்திரிக்குத்தான் நஷ்டம். நீ கவுத்தா எம் பொண்ணுக்கு இல்ல நஷ்டம்? அதுக்கு மட்டுமாவது பாத்துக் குடேன். உன் வூட்ல வெச்சுப் பாத்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"லோகநாயகிக்கு மட்டும் பாத்தா மத்த நாப்பத்தேழு பேருக்கு நான் என்ன சொல்றது? அவ முறை வரும்போது முழுசாப் பாப்பேன். தள்ளிப் போகும், விட்டுப் போகாது."

முனியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "சரி, சரி. எந்த மேஸ்திரி எறங்கி வரான்னு நானும் பாக்கறேன்." அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் குழாயடிக்கு வரவில்லை, கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டியிலேயே முகம் கழுவிக்கொண்டு போனாள். அந்த மாலைகளில் ரத்தினபாய் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கைக்கு வேலையில்லாதது பழக்கமில்லாமல் இருந்தது. இரண்டு முறை பையை எடுத்துக்கொண்டு பள்ளியிலிருந்து கேட் வரை வந்து, திரும்பப் போய் நோட்டுகளை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். இதை அவர் ஜீவரத்தினத்திடம் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகு.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, திங்களன்று இன்ஸ்பெக்‌ஷன் என்று அறிவிப்பு வந்தது. சாலமோன் ஆசிரியர் அறைக்கு நேராக வந்தார். மேசையைப் பார்த்தார். கீழ் வகுப்பு நோட்டுகளில் எட்டு ஒன்பது கட்டுரைகள் கைபடாமல் கிடந்தன.

"டீச்சர், இப்பவாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு நாள் இருக்கு."

"ரெண்டு நாள்ல இதை யாராலயும் திருத்த முடியாது சார். திருத்தின மாதிரி காட்டலாம்."

"அப்ப நான் வேற ஏற்பாடு பண்றேன்."

"பண்ணுங்க சார். நோட்டு ஸ்கூலோடது. என் கையெழுத்தை மட்டும் யாரும் போட வேண்டாம்."

சாலமோன் நான்கு கீழ் வகுப்புக் கட்டுகளையும் பி.டி. ஆசிரியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். பதினோரு வருஷம் ஒருவர் தோளில் போன நோட்டுகள் அன்று மாலை நான்கு சைக்கிள் கேரியர்களில் நான்கு திசைக்குப் போயின. ஒன்பதாம் வகுப்பு ஜெயவேலு பங்கு. இரும்புலியூருக்குப் போயிற்று.

ஜெயவேலு சயன்ஸ் ரெக்கார்ட் நோட்டு திருத்துகிற முறை தனி. தன் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் எல்லாப் பக்கத்தின் அடியிலும் தேதியைப் போட்டுவிடுவார். அப்புறம்தான் படம், அளவு, முடிவு என்று பார்த்துக்கொண்டு வருவார். சோதனை இன்ன வாரம் இன்னது என்று அவரே வகுத்தது என்பதால் அந்தத் தேதி தப்பியதே இல்லை. கட்டுரை நோட்டுக்கும் அதையே செய்தார். வாரம் ஒரு கட்டுரை. செவ்வாயன்று எழுதுவது, வெள்ளியன்று திருத்துவது. காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை. நாற்பத்தெட்டு நோட்டுகளுக்கும் தேதி போட்டு முடிக்கவே சனிக்கிழமை போய்விட்டது. ஞாயிறு காலை படிக்க உட்கார்ந்தார். மாலைக்குள் அவரால் முழுதாகப் படிக்க முடிந்தது பதினாறு நோட்டுகள். மீதிக்கு டிக் போட்டார்.

திங்களன்று வந்த இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர். மதியத்துக்கு மேல் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, வகுப்புக்கு இரண்டு மூன்று கட்டுரை நோட்டுகளை எடுத்துவரச் சொன்னார். சாலமோனும் ஜெயவேலுவும் ரத்தினபாயும் நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்தவற்றில் ஒன்று லோகநாயகியுடையது. "எங்கள் தெருவில் மழை" என்ற கட்டுரை. இன்ஸ்பெக்டர் அதை ஆர்வமாகவே படித்தார். நவம்பர் மழையில் இரும்புலியூர் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது, செவ்வாய் முதல் வெள்ளி வரை பள்ளிக்கு விடுமுறை விட்டது, முனியம்மா அடுப்பைப் பரணில் ஏற்றியது எல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்து அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு மேலே, அந்தப் பெண் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இதை எழுதினது இருபத்தாறாம் தேதி. திருத்தினது இருபத்திரண்டாம் தேதி. அதுவும் அன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு அவளே எழுதியிருக்கா."

இன்னும் இரண்டு நோட்டுகளைப் பிரித்தார்.

"அடுத்த நோட்லயும் இருபத்திரண்டு. அதுக்கு அடுத்ததுலயும். யார் தமிழ் டீச்சர்?"

"நான்தான் சார்," என்றார் ரத்தினபாய்.

"இது நீங்க போட்ட தேதியா?"

இல்லை என்றால் தலைமையாசிரியர் மாட்டுவார். தன்னை வேலைக்கு எடுத்த மனிதர். ஆம் என்றால் ஆறு மாதமாக மேசையில் இருந்ததெல்லாம் வீண். ரத்தினபாய் பதினோராம் வகுப்பு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் திருத்தினது இது சார். எல்லாம் முழுசா இருக்கும், என் கையெழுத்தும் இருக்கும். மத்த வகுப்புல என் கையெழுத்து எந்தக் கட்டுரை வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் நான் பாத்தது. அதுக்கு மேல பாக்க ஸ்கூல்ல எனக்கு நேரம் இல்ல. ஆகஸ்ட்லயே எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப இந்தத் தேதி?"

சாலமோன் முன்னால் வந்தார். "ஏற்பாடு என்னுது சார். டீச்சருக்குச் சம்பந்தமில்ல." இழுப்பறையைத் திறந்து ரத்தினபாயின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஜெயவேலு தொண்டையைக் கனைத்தார். "தேதி போட்டது நான் சார். ரெக்கார்ட் நோட்டு பழக்கத்துல போட்டுட்டேன். ஒண்ணு சொல்லிடறேன், ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பதினாறு நோட்டுதான் படிச்சேன். கண்ணு ரெண்டும் போயிடுச்சு. மத்தது வெறும் டிக். இந்தம்மா வாரத்துக்கு இருநூத்து நாப்பது பாத்துகினு இருந்தாங்க."

இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நாலு பீரியட். ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. இதுக்கு என்னோட உத்தரவு எதுக்கு? டைம்டேபிள் உங்க கையில இருக்கு. வாரா வாரம் கட்டுரைன்னு உங்களை யார் கேட்டாங்க?"

"வழக்கம் சார்," என்றார் சாலமோன்.

"யாரோட வழக்கம்?"

சாலமோன் திறந்திருந்த இழுப்பறையை மூடினார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதராக நடந்துகொண்டார் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. அறிக்கையில், தமிழ்க் கட்டுரைத் திருத்தம் கீழ் வகுப்புகளில் ஒழுங்காக இல்லை என்று எழுதினார். தேதிகள் நம்பத்தக்கவை அல்ல என்று தலைமையாசிரியர் பேரிலும் ஒரு வரி எழுதினார். ஆசிரியருக்குத் திருத்த நேரம் ஒதுக்கலாம் என்று மூன்றாவதாக ஒரு வரி. ரத்தினபாயின் அந்த வருஷ இன்கிரிமென்ட் ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று. ஜீவரத்தினம் பயந்தது நடந்தது. அவர் பயந்த அளவுக்கு நடக்கவில்லை.

அடுத்த வாரம் சாலமோன் புதுக் கால அட்டவணை எழுதினார். ஆறாம் வகுப்புத் தமிழ் இலக்கணப் பீரியட் இரண்டைத் தானே எடுத்துக்கொண்டார். கேட்பதற்கு முன்பே ஜெயவேலு இரண்டு வாசிப்புப் பீரியடுகளை ஏற்றுக்கொண்டார்.

"தமிழ் யாருக்குத்தான் தெரியாதுன்னீங்களே சார், இப்ப எடுத்துப் பாருங்க," என்றார் ரத்தினபாய்.

"எங்க ஆட்டுக்காரனை அனுப்பறேன்மா," என்றார் ஜெயவேலு.

அட்டவணையில் ரத்தினபாய் பெயருக்கு நேரே நான்கு கட்டங்களில் "திருத்தம்" என்று சாலமோனின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. வாரத்துக்கு நூற்றிருபது நோட்டு, பத்துப் பீரியட். கணக்கு சரியாக வந்தது. யாராவது லீவு எடுத்து அவருடைய வகுப்பையும் ரத்தினபாய் பார்க்க நேர்ந்த வாரங்களில் சரியாக வரவில்லை. அப்போது ஒரு கட்டு கித்தான் பையில் ஏறி வீட்டுக்கு வந்தது. அதை அவர் மறைக்கவில்லை. எத்தனை கட்டு என்று தேதி போட்டு எழுதிவைத்து மாதக் கடைசியில் சாலமோனிடம் காட்டினார். சாலமோன் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்.

சங்கத்தின் படிவம் பாடக்குறிப்பு நோட்டிலேயே ஏழு மாதம் இருந்தது. பிப்ரவரியில் அதை எடுத்து "ஆம்" என்பதை அடித்தார். "இல்லை" நின்றது. கீழே இருந்த இரண்டு வரியில் எழுதினார்: "திருத்த வேலை இந்த மாதம் முதல் பள்ளியின் கால அட்டவணையில் ஏறியுள்ளது. சம்பள விகிதம் ஏறவில்லை. அதையும் கேட்பேன்." சங்கத்தில் அதை யார் படித்தார்கள் என்று தெரியாது. எழுபத்து நான்கில் அவர் வேறு பள்ளிக்கு மாறிப்போகும் வரை பண்டிட் விகிதத்தில்தான் சம்பளம் வாங்கினார். நியாயமான சம்பளம் கிடைத்தது என்று எழுதி இந்தக் கதையை முடிக்க வழியில்லை. ஆனால் எது கிடைக்கவில்லை என்பது அவருக்கு அதற்குப் பிறகு துல்லியமாகத் தெரிந்திருந்தது. கேட்பவருக்கு அது சிறிய பலம் அல்ல.

முதல் திருத்தப் பீரியட் ஒரு வியாழக்கிழமை, மூன்றாம் மணி. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. ரத்தினபாய் ஒன்பதாம் வகுப்புக் கட்டைப் பிரித்து, முறைப்படி முதலில் வந்த நோட்டை எடுத்தார். லோகநாயகியின் மழை. அடியில் ஜெயவேலுவின் பெரிய டிக்கும் இருபத்திரண்டாம் தேதியும் இருந்தன. மேலே ஏழு தப்பு இருந்தது. அடுப்பைப் பரணில் ஏற்றிய வரி நன்றாக இருந்தது. அதன் பக்கத்தில் "நன்று" என்று எழுதினார். வருஷத்துக்கு ஐந்தாறு முறைதான் அவர் அந்தச் சொல்லை எழுதுவார். ஏழு தப்பையும் ஓரத்தில் திருத்தி எழுதி, டிக்கைத் தொடாமல், அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டார்.

ஜெயவேலு லேபிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். "என்ன பண்டிட்டம்மா, சும்மாதானே இருக்கீங்க? ஒண்ணு கேளுங்க, நேத்து எங்க ஊர்ல..."

ரத்தினபாய் நிமிரவில்லை. "சார், நான் கிளாஸ்ல இருக்கேன்."

ஜெயவேலு நாற்காலியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். ரத்தினபாய் அடுத்த நோட்டை எடுத்தார்.